அந்த இது

"தெரியும்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"இப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எங்க அது?"

"வாங்கணும்."

"எப்ப?"

"வாங்கிடலாம்."

"வாங்கிடலாம்னா எந்த ஜென்மத்துல? அந்த இது இந்த வீட்டுக்கு வரணும்னு நான் சொல்லி எத்தனை மாசமாச்சு? அன்னிக்குப் பேப்பரை மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு, 'ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு'ன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. அப்பவே எனக்குச் சந்தேகம். ஞாபகம் இருக்கறவன் ஒரு தடவைதான் சொல்லுவான்."

இரண்டாம் மாடியில் குரல் ஏறியதும் கீழ்வீட்டுக்காரி காய் நறுக்குவதை நிறுத்தினாள். எதிர்வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். அடுத்தவர் வீட்டுச் சண்டையைக் கேட்பதற்கென்று சில மரியாதைகள் இருக்கின்றன. அந்தத் தெருவில் யாரும் அவற்றை மீறுவதில்லை.

உள்ளே அகப்பட்டுக்கொண்டு முழித்தவருக்குத் தெருவிலும் ஆபீசிலும் 'விலாசம்' என்று பெயர். பார்சல் ஆபீசில் வேலை. அரைகுறை முகவரியோடு வந்து சேருகிற பார்சல்கள் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். மழையில் மை கரைந்தது, பாதி கிழிந்தது, கோபத்தில் எழுதியது என்று எல்லாவற்றையும் படித்துவிடுவார். ஒருமுறை 'பச்சை கேட், பக்கத்தில் பல் டாக்டர், நாய் கடிக்காது' என்று மட்டும் எழுதியிருந்த பெட்டியை அன்று சாயங்காலமே சரியான வீட்டில் சேர்த்தவர். நாய் கடித்தது என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவரால் சொந்த வீட்டில் ஒரே ஒரு சொல்லைப் படிக்க முடியவில்லை.

அவர் மனைவிக்குப் பொருள்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் கிடையாது. "அந்த இதை எடுத்து இதுல ஊத்திட்டு, அதை மூடிட்டு வாங்க" என்பாள். விலாசம் சமையலறைக்குள் போய் நின்று, கண்ணில் பட்ட மூடியை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொடுவார். திட்டு விழாத மூடிதான் சரியான மூடி. பதினாறு வருஷக் குடித்தனம் இந்த ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் கடையில் போய் அப்படித் தொட்டுப் பார்க்க முடியுமா?

"சரி, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் அவள், சட்டென்று குரலை இறக்கி. அவள் குரல் ஏறும்போது பயமில்லை, இறங்கும்போதுதான் ஆபத்து. "அது எதுன்னு உங்களுக்குத் தெரியாதுன்னா, தெரியாதுன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"தெரியாமலா? நல்லாத் தெரியுமே."

"நல்லது. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வர்றா. அதுக்குள்ள அது இங்க இருக்கணும். இல்லேன்னா, அவ திரும்பிப் போறப்ப நானும் கூடப் போறேன். அவ வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. நான் சொல்றதைக் காதுல வாங்காத மனுஷனுக்கு நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

கீழ்வீட்டுக்காரி மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைதான்.

இரண்டே பேர் இருக்கிற வீடு அது. ஒரே ஒருமுறை மனைவி மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தாள். முதல் நாள், விலாசம் நிம்மதியாகப் பேப்பர் படித்தார். இரண்டாம் நாள், பேப்பரில் வந்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தண்ணீர்க் குழாயிடம் சொன்னார். மூன்றாம் நாள் பஸ் நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. சொன்னால் கெட்டுப்போய்விடுவாள் என்று சொல்லவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விஷயம் நண்பர்கள் முன்னால் வைக்கப்பட்டது.

நண்பர்கள் இரண்டு பேர். ஒருவர் எடைக்காரர். பார்சல்களைத் தராசில் வைத்து நிறுப்பவர், கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம் ஆனவர், அதனால் குடும்ப விவகாரங்களில் தன் பேச்சுக்குக் கனம் அதிகம் என்று நம்புகிறவர். இன்னொருவன் பார்சல் வேன் ஓட்டுகிறவன். முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஆபீசில் அவன் பெயர் 'ஒண்டிக்கட்டை'.

"கோபம் எத்தனை கிலோ?" என்று கேட்டார் எடைக்காரர்.

"தட்டைப் போட்டுட்டுப் போனா."

"சத்தம் வந்துச்சா?"

"வரல. மெதுவாத்தான் வச்சா."

"அப்ப நாப்பது கிலோவுக்கு மேல" என்று தலையாட்டினார். "சத்தம் வந்தா இலேசுன்னு அர்த்தம்."

ஒண்டிக்கட்டை டப்பாவை மூடிக்கொண்டே, "அண்ணே, அது எதுன்னு அண்ணிகிட்டயே கேட்டுட்டா என்ன?" என்றான்.

இரண்டு பேரும் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"இவனுக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு இப்பப் புரியுது" என்றார் எடைக்காரர். "இந்தா பாருப்பா விலாசம், எதுன்னு நேரா கேக்காத. அது இல்லாம என்ன கஷ்டம்னு சுத்தி வளைச்சுக் கேளு. கஷ்டத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வா, சாமான் எதுன்னு நான் சொல்றேன்."

அன்று சாயங்காலம் விலாசம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "பாவம், அது இல்லாம உனக்கு ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கும், இல்ல?"

"இப்பவாவது தெரியுதே. குனிஞ்சு நிமிந்து, குனிஞ்சு நிமிந்து இடுப்பே ஒடியுது."

இடுப்பு. அதை மனதில் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை எடைக்காரர் அதைக் கேட்டதும் வெளியே போய் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிட்டு வந்து, "மாப்பு" என்றார். "தரை துடைக்கற மாப்பு. நீளக் கைப்பிடி. பக்கத்துல ஒரு வாளி, அது தானா சுத்திப் பிழிஞ்சு குடுத்துடும். குனியவே வேணாம். எங்க வீட்ல கேட்டுட்டுத்தான் சொல்றேன். பொம்பளை மனசு பொம்பளைக்குத்தான் தெரியும்."

சாயங்காலம் மாப்பு வீட்டுக்கு வந்தது. ஒண்டிக்கட்டைதான் வேனில் கொண்டுவந்து இறக்கினான். விலாசம் கைப்பிடியை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு, வெற்றி பெற்ற முகத்தோடு உள்ளே நுழைந்தார்.

அவள் மாப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி மாப்பைப் பார்த்தாள்.

"இதுவா?"

"இது... இல்லையா?"

"இது இல்லங்க. அது." பெருமூச்சு விட்டாள். "சரி, வந்தது வந்தாச்சு. குளியலறை பக்கத்துல வைங்க."

அன்றைக்கே வீடு முழுவதையும் அந்த மாப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாளே தவிர அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி வந்ததும் காலைத் தூக்கச் சொல்லக்கூட இல்லை, காலையும் சேர்த்துத் துடைத்தாள்.

படுக்கப் போகும் முன் அவர் துணிந்து, "அது இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று தூண்டில் போட்டார்.

"நாலு பேர் வந்தா மானம் போகாது" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

வியாழக்கிழமை காலை மானப் பிரச்சினை தராசில் ஏறியது.

"நாலு பேர் வந்தா எங்க உக்காருவாங்க?" என்று ஒண்டிக்கட்டை கேட்டான்.

"ஆளுக்கொரு பக்கம். ஒருத்தருக்குக் கட்டில்" என்றார் விலாசம்.

"சாப்பிடறது?"

"மடியில வச்சுத்தான்."

எடைக்காரர் போனோடு வெளியே போனார், வந்தார். "சாப்பாட்டு மேசை. நாலு நாற்காலியோட. வேற பேச்சே இல்ல. எங்க வீட்ல கேட்ட உடனே சொல்லிட்டா, யோசிக்கக்கூட இல்ல."

மேசை மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டது. ஒண்டிக்கட்டை மேலே, விலாசம் கீழே. கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "கொஞ்சம் இடது பக்கம்... உங்க இடது பக்கம் இல்ல, மேசையோட இடது பக்கம்" என்று உதவி செய்தாள். ஒரு வழியாக மேலே ஏற்றி உள்ளே கொண்டுபோனபோது கூடத்து மூலை காலியாகக் கிடந்தது. வழக்கமாக அங்கே கிடக்கிற பழைய பேப்பர் கட்டு எங்கே என்று விலாசம் கேட்கவில்லை. மேசை அந்த மூலையில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"நான் மேசையா கேட்டேன்?" என்றாள் அவள்.

"இது... இல்லையா?"

"பதினாறு வருஷம்" என்று சொல்லிப் புதிய நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புதிய மேசைமேல் முழங்கைகளை ஊன்றி, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுவதற்கு அந்த மேசையின் உயரம் மிகச் சரியாக இருந்தது.

ஒண்டிக்கட்டை திருகாணிகளைத் தரையிலேயே வைத்துவிட்டுப் பூனை மாதிரி நழுவினான்.

அதற்குப் பிறகு அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை மேசைமேல் ஒரு சீட்டு இருந்தது.

'அதை அதில் வைத்திருக்கிறேன். இதில் ஊற்றிச் சூடு பண்ணிக்கொள்ளவும். அது இருந்திருந்தால் இந்த வீடு இப்படி இருட்டடித்துக் கிடக்காது.'

எழுத்தில் எழுதும்போதாவது பெயர் வரும் என்று எதிர்பார்த்த விலாசம் அந்தச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். மழையில் கரைந்த விலாசம் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

அன்று ஆபீசில் அவருக்குப் புத்தி வேலையில் இல்லை. பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பார்சல் இருந்தது. கிழிந்துபோன பழைய லேபிளுக்குப் பதிலாக விலாசம் ஒட்டிய புது லேபிள் அதன்மேல் பளிச்சென்று இருந்தது.

"படிங்க" என்றார் மேலாளர்.

விலாசம் படித்தார். "அது... இது... அதற்கு எதிரே."

"எந்த ஊருங்க இது?"

"எங்க வீடு சார்" என்று அவர் வாய் தானாகச் சொல்லிற்று.

மேலாளரும் கல்யாணம் ஆனவர்தான். லேபிளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "மத்தியானம் லீவு எடுத்துக்கங்க. போய் என்னன்னு பாத்து முடிச்சுட்டு வாங்க" என்றார்.

எடைக்காரர் அதற்குள் விடை வாங்கி வைத்திருந்தார். "இருட்டுன்னா பல்புன்னு நினைப்பே. அங்கதான் தப்பு. ஆளுயரக் கண்ணாடி. ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல மாட்டினா வெளிச்சம் ரெட்டிப்பாகும், வீடும் பெருசாத் தெரியும்."

"வீட்ல கேட்டீங்களா?"

"கேட்டேன். கண்ணாடிக்கு விளிம்பு மரக் கலரா இருக்கட்டும்னுகூடச் சொன்னா. அவளுக்கு அவ்வளவு அக்கறை."

விலாசமும் ஒண்டிக்கட்டையும் கண்ணாடியைக் கம்பளியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், நல்லவேளையாக, சரியான உயரத்தில் இரண்டு ஆணிகள் இருந்தன. மாட்டி முடித்தார்கள். தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்த விலாசம், எதிரே களைத்துப்போன ஓர் ஆளைக் கண்டு "வாங்க, உக்காருங்க" என்றார். அது அவரேதான்.

அவள் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். முன்மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் தெரிந்த கணவனிடம் சொன்னாள்:

"இதுவும் இல்ல."

ஒரு நாற்காலியை, அதுவும் புது நாற்காலிதான், பரண் அடியில் இழுத்துப் போட்டு ஏறினாள். மேலே இருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

சனிக்கிழமை விலாசம் கடைசி முயற்சியாக வீட்டுச் சாமான் கடைக்கே போனார். ஒண்டிக்கட்டையும் கூட வந்தான். மூன்று மாதத்துக்கு முன் இதே கடைக்கு அவளோடு வந்திருக்கிறார். அன்றைக்கு அவர் வாசலில் நின்று பேப்பர் படித்தார். உள்ளே அவள் எதையோ பார்த்திருக்க வேண்டும்.

"என் வீட்டுக்காரம்மா அன்னிக்கு வந்தப்ப எதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்னாங்க?" என்று விற்பனையாளரிடம் கேட்டார்.

விற்பனையாளர் யோசித்தார். "எல்லாத்துக்கும் முன்னாடியும் நின்னாங்க சார்."

"ஏதாவது ஒண்ணைத் தொட்டுப் பாத்தாங்களா?"

"எல்லாத்தையும் தொட்டாங்க."

"எதையாவது பாத்துப் பெருமூச்சு விட்டாங்களா?"

"வாசல்ல நின்ன உங்களைப் பாத்துதான் சார் விட்டாங்க."

விலாசம் வெளியே வந்து வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். கை வெறுங்கையாக இருந்தது. அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"அண்ணே" என்றான் ஒண்டிக்கட்டை. "லேபிள் சுத்தமா கிழிஞ்சு போய் ஒரு பார்சல் வருது. ஊர் தெரியல, பேர் தெரியல. என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? அனுப்பினவங்களுக்கே திருப்பி அனுப்பிக் கேப்போம்."

"அவ்வளவுதாண்ணே. அனுப்பினவங்க வீட்லதான் இருக்காங்க. நாளைக்கு ஊருக்குப் போறதுக்குள்ள கேட்டுடுங்க."

விலாசம் அவனை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். இவனுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று வேறு அர்த்தத்தில் யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்துனி வந்தாள். வெளியூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முப்பத்து மூன்று வயது. அவசரமாகக் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் எல்லாம் அடிக்கடி ரத்த அழுத்தம் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி, அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவள். உள்ளே வந்ததும் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். தரை பளபளத்தது. மேசைமேல் தேநீர் இருந்தது. கண்ணாடியில் எல்லாமே இன்னொரு தடவை தெரிந்தது.

"வீடு அழகா இருக்கே மாமா" என்றாள்.

"இருந்து என்ன பண்றது" என்றாள் அக்கா. வாசல் பக்கத்தில் பெட்டி தயாராக நின்றது.

கீழே காய் நறுக்கும் சத்தம் நின்றது.

விலாசம் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதும்மா."

"எது?"

"அந்த இது. எதுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு நீ சொன்னப்ப நான் கேக்கல. பேப்பர்ல புதுப் பாலம் கட்டறதைப் பத்திப் போட்டிருந்தான், அதைப் படிச்சுக்கிட்டிருந்தேன். ஞாபகம் இருக்குன்னு பொய் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். நீ மூணு நாள் ஊருக்குப் போனப்பவே குழாய்கிட்ட பேசினவன் நான். நீ போயிடாத. திட்டறதுன்னா இங்கயே இருந்து திட்டு."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று விலாசம் நினைத்தார்.

"இதைத்தாங்க" என்றாள் மனைவி மெதுவாக.

"எதை?"

"இதைத்தான் நான் கேட்டேன்னு வச்சுக்கங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அந்தச் சாமான் இனிமே வந்தா வருது, வராட்டிப் போகுது. பெட்டியை உள்ள வைங்க. நான் எங்கயும் போகல."

விலாசத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரே பெட்டியைத் தூக்கினார். துணிப்பெட்டிக்கு இருக்க வேண்டிய கனத்தைவிட அது அதிகமாகக் கனத்தது. பாதி வழியில் கால்மேல் ஏதோ சொட்டியது. கட்டிலில் வைத்துத் திறந்தார்.

உள்ளே எல்லாம் ஈரத் துணி. கையால் பிழிந்தது, சரியாகப் பிழியாதது, முறுக்கு முறுக்காக அப்படியே அடுக்கியிருந்தது. ஊருக்குப் போகிற கோபத்திலும் அவர் சட்டைகளைத் துவைத்துவிட்டு, தன் துணியைக் காயப்போட நேரமில்லாமல் வைத்திருக்கிறாள்.

அவர் மூளையில் கிழிந்த லேபிள் ஒன்று ஒட்டிக்கொண்டது போல் இருந்தது.

இடுப்பு ஒடியுது. குனிஞ்சு நிமிந்து. துவைக்கிற இடத்தில்தானே. நாலு பேர் வந்தா மானம் போகுது. வாசல் பக்கத்தில் எப்போதும் நிற்கும், துணி ஊறவைத்த வாளி. வீடு இருட்டடித்துக் கிடக்குது. ஜன்னலை மறைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் கொடியில் தொங்கும் துணி. ஊர், தெரு, கதவு எண் எல்லாம் முதல் நாளிலிருந்தே அவர் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. எடைக்காரரைக் கேட்டதுதான் தப்பு. யாருடைய யோசனையும் இல்லாமல், தானே, தன் கண்ணால் படித்துவிட்டார்.

ஒண்டிக்கட்டைக்குப் போன் போட்டார். "வேனை எடுத்துட்டு வாப்பா. விலாசம் கிடைச்சுடுச்சு."

மத்தியானத்துக்குள் வாஷிங் மெஷின் மாடி ஏறியது. அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாம் நீ முழுசாத்தான் சொல்லியிருந்தே" என்றார் விலாசம். "நான்தான் சரியாப் படிக்கல."

அந்த வார்த்தையை அவர் அப்புறம் ஆபீசில் பதினொரு பேரிடம் சொன்னார். மேலாளரிடம் இரண்டு தடவை.

அன்றைக்கு இன்னொரு அதிசயமும் நடந்தது. ஒண்டிக்கட்டை மெஷினுக்குப் பின்னால் குனிந்து தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். மைத்துனி விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் தங்கை, பேச்சும் அதே பேச்சு.

"அது நழுவுது பாருங்க. அந்த இதை எடுத்து இதுல போட்டு இறுக்கிடுங்க" என்றாள்.

ஒண்டிக்கட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை நீட்டினான். தரையில் கிடந்த ஏழெட்டுச் சாமான்களில் சின்ன இரும்பு வளையத்தை எடுத்துக் குழாயில் மாட்டி இறுக்கினான். ஒழுகல் நின்றது.

"அதேதான்" என்றாள் மைத்துனி. கையிலிருந்த விளக்கு அசைந்தது.

விலாசம் வாயைப் பிளந்தார். பதினாறு வருஷத்தில் அவருக்கு ஒருமுறைகூட முதல் தொடுகையிலேயே சரியான மூடி கிடைத்ததில்லை.

ஆறு மாதத்தில் கல்யாணம் நடந்தது. ஒண்டிக்கட்டை என்ற பெயர் செல்லாமல் போனது. 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒரே நாளில் சகலையாகிவிட்டான். "நேரா கேக்கறவனுக்குக் கல்யாணமே ஆகாதுன்னு சொன்னேனே" என்று எடைக்காரர் கொஞ்ச நாள் குழம்பிவிட்டு, தராசில் கோளாறு என்று முடிவு கட்டினார். கல்யாணமான மறுமாதமே இருவரும் அவள் வேலை பார்க்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே ஒரு கம்பெனியில் அவனுக்கு வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. புது வீடு, நான்கு சுவர், ஒரு பாய். மற்றபடி எல்லாமே இனிமேல்தான் வாங்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விலாசத்தின் மனைவி மெஷினிலிருந்து எடுத்த துணிகளோடு மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். விலாசம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் அவள் போன் அடித்தது. மைத்துனி.

விலாசம் எடுத்துக் காதில் வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் மூச்சு விடாமல் ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, நீ சொன்ன மாதிரி இங்க ஒண்ணும் நடக்கலக்கா. 'அந்த இது'ன்னு சொன்னா இந்த மனுஷன் கரெக்டா அதையே வாங்கிட்டு வந்துடறாரு. ஒண்ணு கேட்டா ஒண்ணுதான் வருது. மாமா மாதிரி மாப்பு, மேசை, கண்ணாடின்னு வரிசையா வரவே மாட்டேங்குது. என்ன வாங்கணும்னு போன்ல எடுத்துக் குடுக்கறதுக்கு எடைக்காரர் வீட்டக்கா மாதிரியும் இங்க யாரும் இல்ல."

எதிர்ச் சுவரில் மரக் கலர் விளிம்புக்குள் ஓர் ஆள், போனைக் காதில் வைத்துக்கொண்டு, வாய் திறந்தபடி விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, அதை விடு" என்றது போன். "வாஷிங் மெஷினுக்கு நீ ஈரத் துணியை வச்சுப் பெட்டி கட்டினியே, அது எத்தனாவது நாளு?"